ஒரு பக்கம் எத்தனை கிராம்? மார்பகக் குறைப்பு ஆபரேஷனில் அளவு முடிவாகும் விதம்

முதலில் உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் உங்கள் மதினிக்கு வயது 38, உயரம் 154 செ.மீ., எடை 72 கிலோ. இரண்டு பிள்ளைகள், குடும்பக் கட்டுப்பாடும் செய்தாயிற்று. வருடக்கணக்காகக் கழுத்துவலி, தோளில் பாடிப் பட்டை அழுந்திய பள்ளம், மார்புக்கு அடியில் கோடை முழுக்க அரிப்பும் படையும். பாளையங்கோட்டையில் பார்த்த பிளாஸ்டிக் சர்ஜன் சீட்டில் "வலது 31, இடது 30, அடிமடிப்பு 14, 13" என்று எழுதி, "ஒரு பக்கம் 600லிருந்து 700 கிராம் வரும்" என்றிருக்கிறார். உங்கள் அம்மா "கொஞ்சமா எடுத்தாப் போதும்" என்கிறார். மதினியோ "எடுக்கிறதே எடுக்காவ, முழுசா எடுத்துரச் சொல்லு" என்கிறார். இதில் யார் சொல்வது சரி, 600 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அம்மாவும் மதினியும் எடுப்பதைப் பற்றியே பேசுகிறார்கள். சர்ஜன் மனதில் ஓடுவது விட்டுவைக்க வேண்டியது எவ்வளவு என்ற கணக்கு. காம்புக்கு ரத்தம் போக எவ்வளவு சதை வேண்டும், அந்த உடம்புக்கு எந்த அளவு பொருந்தும், இரண்டு பக்கமும் மீதி சமமாக இருக்குமா என்பதைத் தீர்மானித்தபிறகு மிஞ்சுவதுதான் தராசுக்குப் போகிறது. ஆகவே கிராம் என்பது விடை. அதைக் கேள்வியாக வைத்துக்கொண்டு "650 எடுங்கள்" என்று ஆரம்பிக்கிற ஆபரேஷன் சரியாக முடியாது.

ஆனாலும் முன்கூட்டியே ஒரு மதிப்பீடு வேண்டும். எந்த வடிவத்தில் கீறுவது, எந்தப் பக்கத்துச் சதையில் காம்பை நிறுத்துவது, இன்சூரன்சுக்கு என்ன எழுதுவது எல்லாம் அதைப் பொறுத்தவை. சீட்டில் இருக்கும் நான்கு எண்களையே எடுத்துக்கொள்வோம். 31, 30 என்பது கழுத்துக்குழியிலிருந்து காம்பு வரை நேராக நாடா பிடித்த அளவு. 14, 13 என்பது காம்பிலிருந்து மார்பின் அடிமடிப்பு வரை, தோலோடு ஒட்டிப் பிடித்தது. 2010இல் வெளியான ஆப்பெல் சூத்திரம் இந்த இரண்டு அளவையும் உடல் நிறை குறியீட்டையும் சேர்த்துக் கிராமைத் தோராயமாகச் சொல்கிறது: முதல் அளவை 40ஆல் பெருக்கு, இரண்டாவதை 24.7ஆல் பெருக்கு, குறியீட்டை 17.7ஆல் பெருக்கு, மூன்றையும் கூட்டி 1443ஐக் கழி. மதினியின் குறியீடு 72ஐ 1.54இன் வர்க்கத்தால் வகுத்தால் 30.4. வலது பக்கத்துக்கு 1240, 346, 538. கூட்டிக் கழித்தால் ஏறக்குறைய 680. இடது பக்கத்துக்கு 1200, 321, 538. அது 615 பக்கம் வருகிறது. சர்ஜன் சொன்ன 600-700 இதோடு ஒத்துப்போகிறது. அவர் சூத்திரம் போட்டுப் பார்த்தாரோ, கையால் தூக்கிப் பார்த்தே சொன்னாரோ, எண் அந்தரத்திலிருந்து வரவில்லை.

இன்னொரு எண்ணும் உங்கள் காதில் விழுந்திருக்கும்: ஷ்னர் அளவுகோல். பால் ஷ்னர் என்ற அமெரிக்க சர்ஜன் 1991இல் மற்ற பிளாஸ்டிக் சர்ஜன்களிடம் கேட்டுத் திரட்டிய விவரத்தை வைத்து, நோயாளியின் உடற்பரப்புக்கும் எடுத்த கிராமுக்கும் உள்ள உறவை அட்டவணையாக்கினார். உடற்பரப்பு என்பது உயரத்தை (செ.மீ.) எடையால் (கிலோ) பெருக்கி 3600ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுப்பது. மதினிக்கு 1.75 சதுர மீட்டர். அந்த வரிசையில் அட்டவணை காட்டுவது 404 கிராம். இதை "404 எடுத்தால் போதும்" என்று படிக்கக்கூடாது. "இந்த உடம்புக்கு இதற்கு மேல் எடுக்க வேண்டியிருந்தால் அது அழகுக்காகச் செய்வதல்ல, உபத்திரவத்துக்காகச் செய்வது என்று பெரும்பாலும் நம்பலாம்" என்று இன்சூரன்ஸ்காரர்கள் பிரித்துப் பார்க்கப் பிடித்துக்கொண்ட கோடு அது. அமெரிக்காவில் சில கம்பெனிகள் இன்னும் மொட்டையாக "ஒரு பக்கம் 500 கிராம்" என்று கேட்கும். இணையத்தில் 500 என்ற எண் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் அதுதான், மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. சிறு உடம்புக்காரிக்கு 300 கிராம் எடுத்தாலே கழுத்து லேசாகிவிடும். வலி குறைவது கிராமுக்கு நேர்விகிதத்தில் நடப்பதில்லை.

கப் கணக்குக்கும் ஒரு வாய்பாடு உண்டு. மார்புச்சுற்று 32-34 உள்ளவர்களுக்கு ஒரு கப் குறைய 100 கிராம், 36-38க்கு 200, 40-42க்கு 300, 44-46க்கு 400. மதினி 38 போடுகிறார் என்றால் 600 கிராம் என்பது மூன்று கப். நம் ஊர்ப் பக்கம் இதை நம்பிப் பேச்சைத் தொடங்கினால் குழப்பம்தான் மிஞ்சும். ஒரு கம்பெனியின் 'டி'யும் இன்னொன்றின் 'டி'யும் ஒன்றாக இருக்காது. பாதிப் பேர் பாடியை இறுக்கிப் பழகி, சுற்றைக் கூட்டிக் கப்பைக் குறைத்து வாங்குகிறார்கள். டெய்லருக்கோ கப்பே கிடையாது, நெஞ்சளவு மட்டும்தான். "சி கப்புக்குக் கொண்டுவந்துருங்க" என்று சர்ஜனிடம் சொல்வதைவிட, "குனிந்து எழுந்தால் மார்பு முன்னால் இழுக்கக்கூடாது, ஆனால் ரவிக்கை தட்டையாகவும் தெரியக்கூடாது" என்று சொல்வது அவருக்கு உதவும். உடல்வாகு ஒத்த இரண்டு மூன்று பேரின் படத்தைக் காட்டுவது இன்னும் நல்லது.

மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்று வீட்டிலேயே தோராயமாகப் பார்க்கலாம். வாயகன்ற சட்டி ஒன்றை அகலமான தாம்பாளத்தில் வைத்து விளிம்பு முட்ட வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றவும். குனிந்து, ஒரு மார்பை மட்டும் அடிமடிப்பு நனைகிறவரை மெதுவாக இறக்கி எடுக்கவும். தாம்பாளத்தில் வழிந்த தண்ணீரை அளவு போட்ட ஜாடியில் ஊற்றினால் அதுதான் கன அளவு. மூன்று தடவை செய்து சராசரி எடுங்கள். ஐம்பது, நூறு மில்லி முன்னே பின்னே இருக்கும். மாதவிலக்குக்கு முந்தைய வாரம் வீக்கம் இருக்கும் என்பதால் அதைத் தவிருங்கள். மார்பில் கொழுப்பும் சுரப்பியும் கலந்திருப்பதால் மில்லியும் கிராமும் ஏறக்குறைய ஒன்றுதான். எடுத்துக்காட்டுக்கு வலது 1100, இடது 1030 என்று வந்தது, மதினியின் அகன்ற நெஞ்சுக்கு 450 விட்டுவைப்பது என்று முடிவானது என்றால், எடுக்க வேண்டியது வலதில் 650, இடதில் 580. இரண்டு பக்கமும் எடுப்பது சமமாக இல்லை, மீதிதான் சமம். ஆபரேஷன் முடிந்து "ரெண்டு பக்கமும் ஒரே அளவா எடுத்தீங்களா?" என்று கேட்கிற சொந்தக்காரருக்கு இந்தக் கணக்கைக் காட்டினால் போதும்.

இனி உச்சவரம்பு. "முழுசா எடுத்துரச் சொல்லு" என்பதற்கான பதில் இங்கேதான் இருக்கிறது.

தொங்கிய மார்பில் காம்பு 31 செ.மீ. கீழே இருக்கிறது. புது இடம் 22-23 செ.மீ. பக்கம். எட்டு ஒன்பது செ.மீ. மேலே ஏற வேண்டும். பொதுவாகக் காம்பைக் கத்தரித்து எடுத்து மேலே ஒட்டுவதில்லை. அடியில் ஒரு சதைத் தண்டோடு, அதன் ரத்தக்குழாய், நரம்பு எல்லாம் அறுபடாமல், அப்படியே திருப்பி மேலே கொண்டுபோய் வைக்கிறார்கள். அந்தத் தண்டை சர்ஜன்கள் பெடிக்கிள் என்பார்கள். மார்புக்கு ரத்தம் நெஞ்செலும்பின் ஓரமாக இரண்டாவது முதல் நான்காவது விலா இடுக்குகள் வழியாக வரும் கிளைகளிலிருந்தும், அக்குள் பக்கத்திலிருந்தும், அடியில் நான்காவது, ஐந்தாவது விலா இடுக்கிலிருந்து சதைக்குள் ஏறும் குழாய்களிலிருந்தும் வருகிறது. காம்பின் உணர்ச்சிக்கு முக்கியமானது நான்காவது விலா நரம்பு. தண்டை எந்தப் பக்கம் நிறுத்துகிறார்கள் என்பதைப் பொறுத்து இவற்றில் ஒன்றோ இரண்டோ தப்பும், மற்றவை எடுக்கிற சதையோடு போய்விடும்.

கீழ்த்தண்டு முறை 1970களில் பரவியது. காம்பு அடிமடிப்பிலிருந்து மேலே எழும் தண்டின் மேல் நிற்கும். அடி அகலம் 8 முதல் 10 செ.மீ. வைப்பார்கள். நெஞ்சுச் சுவரிலிருந்து அதைப் பிரிக்காமல் பாய்போட்டதுபோல ஒட்டியே விட வேண்டும். சதை போவது மேலேயும் இரண்டு ஓரத்திலும். மேல்-உள்பக்கத் தண்டு முறையில் காம்பு நெஞ்செலும்புப் பக்கத்துச் சதையில் தொங்கும். சதை போவது அடியிலும் அக்குள் ஓரத்திலும். மதினி மாதிரி, குனிந்தால் பாரம் கீழேயும் ஓரத்திலும் இருக்கிறவர்களுக்கு இரண்டாவது முறைதான் எனக்கு நியாயமாகப் படுகிறது. பாரமான பகுதிதான் போகிறது, மேல்பகுதி நிரம்பியே இருக்கிறது, பின்னால் அடி இறங்கிக் காம்பு மேலே பார்க்கும் கோளாறும் குறைவு. ஆனால் சர்ஜன் எதில் கைபழகியவரோ அதுவே பத்திரம். ஒரு முறையில் நூறு செய்தவரை இன்னொரு முறை செய்யச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்.

தண்டு நீளமாக நீளமாக நுனிக்கு ரத்தம் போவது குறையும். அடி அகலத்தைப் போல இரண்டு மடங்குக்குள் நீளம் நின்றால் நிம்மதி. 14 செ.மீ. தண்டுக்கு 8 செ.மீ. அடி என்றால் அந்த வரம்புக்குள்தான் இருக்கிறது. மதினி சொல்கிறபடி இன்னும் 200 கிராம் எடுக்க வேண்டுமானால் அது தண்டிலிருந்தோ தோல் மடலிலிருந்தோதான் (தண்டை மூடுகிற தோலும் அதன் அடியில் ஒட்டிய கொழுப்பும்) வர வேண்டும். தண்டை மெலித்தால் காம்பு கறுக்கும். தோல் மடலை ஒன்றரை, இரண்டு செ.மீ. கனத்துக்குக் கீழே சுரண்டினால் தோல் ஓரம் சாகும், உள்ளே கொழுப்பு செத்துக் கல்லு மாதிரிக் கட்டியாகும். அந்தக் கட்டியைப் பின்னால் ஸ்கேனில் பார்க்கும் டாக்டருக்கும் சந்தேகம் வரும், பயாப்ஸி வரை போகும். அதிகம் எடுத்ததைத் திருப்பி வைக்க இம்பிளாண்ட் அல்லது வேறு இடத்துக் கொழுப்பு என்று இன்னொரு செலவு. உள்பக்கம், அதாவது இரண்டு மார்புக்கும் நடுவே, கூடுதலாக எடுத்துவிட்டால் அந்தப் பள்ளத்தை ஒன்றுமே சரியாக நிரப்பாது. அதனால்தான் கைதேர்ந்தவர்கள் நடுவில் கஞ்சத்தனமாகவும் அக்குள் ஓரத்தில் தாராளமாகவும் எடுக்கிறார்கள்.

கழுத்துக்குழி அளவு 40 செ.மீ.யைத் தாண்டினாலோ, ஒரு பக்கம் 1000-1500 கிராமுக்கு மேல் எடுக்க வேண்டியிருந்தாலோ, தண்டை நம்பாமல் காம்பைத் தனியே எடுத்துத் தோல் ஒட்டுபோல வைப்பதுண்டு. மாக்ஸ் தோரெக் 1922இலேயே செய்த முறை. பாலூட்ட முடியாது, உணர்ச்சி பெரும்பாலும் போய்விடும். மாநிறத் தோலில் நிறம் திட்டுத்திட்டாக வெளுப்பதும் உண்டு. மதினியின் அளவுக்கு இது தேவைப்படாது. ஆனால் தியேட்டரில் காம்பு நீலம் பாரித்து, தையலைத் தளர்த்தியும் தண்டை நிமிர்த்தியும் நிறம் திரும்பாவிட்டால் கடைசி வழியாக இதற்கு மாற்றுவார்கள். சம்மதப் படிவத்தில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பயப்பட வேண்டாம், இல்லாவிட்டால் கேளுங்கள்.

கோடு போடுவது ஆபரேஷனன்று காலையிலோ முந்தின நாளோ, நோயாளி நிற்கும்போதோ நிமிர்ந்து உட்காரும்போதோதான் நடக்கும். படுத்தால் மார்பு அக்குளுக்கு வழிந்துவிடும், கோடு பொய் சொல்லும். கழுத்துக்குழியில் ஒரு புள்ளி, அங்கிருந்து தொப்புள்வரை நடுக்கோடு. காறை எலும்பின் நடுவிலிருந்து மார்பின் நடுவாக ஒரு கோடு. பழைய காம்பு எங்கே இருக்கிறது என்பது இதற்குக் கணக்கில்லை, பெரிய மார்பில் காம்பு பெரும்பாலும் ஓரம் தள்ளியே இருக்கும். பிறகு கையை அடிமடிப்பில் வைத்து, அதே மட்டத்தை மார்பின் முன்பக்கம் கொண்டுவந்து புள்ளி வைப்பார்கள். அதுதான் புதுக் காம்பின் இடம். அந்தப் புள்ளியைக் கழுத்துக்குழியிலிருந்து அளந்து இரண்டு பக்கமும் சரிபார்ப்பார்கள்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. அரைக்கிலோவுக்கு மேல் பாரம் போனதும் இத்தனை நாள் இழுபட்டிருந்த தோல் ரப்பர்போல மேலே சுருங்கும். நிற்கும்போது 22இல் வைத்த புள்ளி தைத்து முடித்ததும் 21க்கோ 20.5க்கோ போய்விடும். ஆகவே பாரம் கூடினால் புள்ளியை ஒன்று, இரண்டு செ.மீ. தாழ்த்தி வைக்க வேண்டும். தாழ்ந்துபோன காம்பைப் பிறகு அந்த இடத்தை மட்டும் ஊசிபோட்டு மரக்கவைத்துக்கூட உயர்த்திவிடலாம். உயர்ந்துபோன காம்பை இறக்கினால் ரவிக்கைக் கழுத்துக்கு மேலே தழும்பு தெரியும், அதனால் அதைத் திருத்த யாரும் எளிதில் கை வைக்க மாட்டார்கள். எடுக்கிற அளவைத் தப்பாகக் கணித்தால் காம்பின் இடமும் தப்பிப்போகிறது என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

கருவட்டத்துக்கு 38 முதல் 45 மி.மீ. விட்ட வளையத்தை அழுத்திக் கோடு எடுப்பார்கள். அதற்குக் கீழே இரண்டு செங்குத்துக் கோடுகளையும் விரலால் கிள்ளிச் சேர்த்துப் பார்த்து, தோல் இறுக்கமில்லாமல் ஒட்டுகிறதா என்று சோதிப்பார்கள். 600 கிராம் பக்கம் எடுத்து, தோலும் தொங்கியிருந்தால் பெரும்பாலும் நங்கூர வடிவம்தான்: கருவட்டத்தைச் சுற்றி, நேர் கீழாக, பிறகு அடிமடிப்பு நெடுக. அடிமடிப்புத் தழும்பு வேண்டாம் என்று கெஞ்சினால் சிலர் இறங்கி வருவார்கள், ஆனால் அடியில் தோல் சுருக்குப்பைபோல மடிந்து மாதக்கணக்கில் கிடக்கும். வியர்வை நிற்கிற இடத்தில் அது வேண்டாம்.

தியேட்டருக்குள் அளவு எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். ரத்தம் குறையப் பல சர்ஜன்கள் முதலில் அட்ரினலின் கலந்த உப்புநீரைச் சதைக்குள் ஏற்றுவார்கள். அந்த நீரும் எடுத்த சதையோடு தராசில் ஏறும். இரண்டு பக்கமும் ஒரே அளவு ஏற்றியிருந்தால் ஒப்பிடலாம்; ஒரு பக்கம் கூடியிருந்தால் கிராம் ஏமாற்றும். ஓரத்துக் கொழுப்பை உறிஞ்சி எடுத்திருந்தால் அதைத் தனியாக அளந்து, நீர் அடியில் பிரிந்தபிறகு மேலே நிற்கும் கொழுப்பை மட்டும் கூட்ட வேண்டும். எடுத்த ஒவ்வொரு துண்டையும் நர்ஸ் தட்டில் வாங்கி, வெறுந்தட்டின் எடையைப் பூஜ்யமாக்கிய தராசில் வைத்து, "வலது, உள்பக்கம், 90, வலது, அடி, 310" என்று பலகையில் எழுதிக்கொண்டே வருவார். கடைசியில் ஓரத்திலிருந்து பத்து, இருபது கிராம் சிம்புகள் தனியாக வரும். பெரிய பக்கத்தை முதலில் செய்பவர்கள் உண்டு, சின்னதை முதலில் செய்து அதற்குப் பெரியதைச் சமமாக்குபவர்களும் உண்டு.

பிறகு தற்காலிகமாகக் கிளிப் போட்டு மூடி, மேசையின் தலைப்பக்கத்தை உயர்த்தி நோயாளியை உட்காரவைப்பார்கள். மயக்க டாக்டர் ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டே இதை அனுமதிப்பார். சர்ஜன் கால்மாட்டில் போய் நின்று கண்ணால் பார்ப்பார். தராசு வலது 655, இடது 600 என்று காட்டினாலும் கண் "இடது இன்னும் கொஞ்சம் தூக்கல்" என்றால் கண்தான் ஜெயிக்கும். இன்னொரு 30 கிராம் இடதில் போகும். முன்னாலேயே 70 மில்லி வித்தியாசம் இருந்தது என்று சட்டித் தண்ணீர் சொன்னதும், முடிவில் 25 கிராம்தான் வித்தியாசம் என்று தராசு சொல்வதும் முரண்போலத் தெரியும். ஏற்றிய நீர், தோலின் கனம், ஓரத்தில் விட்ட கொழுப்பு எல்லாம் அந்த இடைவெளியைத் தின்றுவிடும். கிராமில் 50க்குள் வரும் வேறுபாட்டை வைத்து யாரும் சர்ஜனைக் குறைசொல்ல முடியாது.

எடுத்த சதை முழுவதும் நோய்க்குறியியல் லேபுக்குப் போக வேண்டும், வலது இடது தனித்தனி டப்பாவில், பெயர் எழுதி. வெளியே ஒன்றும் தெரியாத மார்பில் நூற்றில் ஒன்றுக்கும் குறைவானவர்களுக்குத்தான் புற்று எட்டிப்பார்க்கும். ஆனால் அப்படி வந்து, இரண்டையும் ஒரே வாளியில் போட்டு அனுப்பியிருந்தால் எந்தப் பக்கம் என்றே தெரியாமல் போகும், பிறகு இரண்டு பக்கமும் சிகிச்சை என்று நிற்கும். இதே காரணத்துக்காக, 38 வயது என்றாலும் ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு மேமோகிராமும் ஸ்கேனும் எடுத்துவைப்பது நல்லது. 40க்கு மேல் என்றால் கட்டாயம்.

இனி மதினியின் வேலை. சுளகை மடியில் வைத்துத் தலையைக் குனிந்து நாள் முழுக்கப் பீடி சுற்றுகிறவர்களுக்கு மார்பு சின்னதாக இருந்தாலும் கழுத்துவலி வரும். ஆகவே வலி முழுவதையும் மார்பின் கணக்கில் எழுதி, அதைப் போக்க இன்னும் கூடுதலாக எடு என்று கேட்பது வீண். ஒரு சோதனை இருக்கிறது: நன்றாகத் தாங்குகிற, பட்டை அகன்ற பாடி போட்டு, இரண்டு கையாலும் மார்பை அடியிலிருந்து தூக்கிப் பிடித்து ஐந்து நிமிடம் நிமிர்ந்து உட்காரச் சொல்லுங்கள். தோள் லேசானால் அந்தப் பங்கு மார்பினுடையது. கையில் மதமதப்பு, விரலில் மின்சாரம் ஓடுவதுபோல இருந்தால் அது கழுத்தெலும்பின் வேலை. முதலில் எலும்பு டாக்டரைப் பார்க்க வேண்டும். தோள்பள்ளமும் அடிமடிப்புப் படையும் மட்டும் ஆபரேஷனால் ஏறக்குறைய உறுதியாகத் தீரும்.

"சிகரெட் பிடிப்பீங்களா?" என்று சர்ஜன் கேட்பார், மதினி சிரித்துக்கொண்டே இல்லை என்பார். கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும். வெற்றிலையோடு புகையிலை போடுகிறாரா? நிகோடின் வாய் வழியாகப் போனாலும் நுண்ணிய ரத்தக்குழாயைச் சுருக்கும், காம்பின் தண்டுக்கு அது விஷம். முன்னால் நான்கு வாரம், பின்னால் நான்கு வாரம் அறவே நிறுத்த வேண்டும். பீடித்தூளைக் கையாள்கிறவர்களுக்குத் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் நிகோடின் கொஞ்சம் உள்ளே போகிறது. இதைச் சர்ஜனிடம் சொல்லி, அதே நான்கு வாரம் சுளகை ஒதுக்கிவைக்கச் சொல்லுங்கள். கூலி போகும் என்பது தெரியும். காம்பு கறுத்து இரண்டு மாதம் கட்டுப் போடுவதற்கு அது குறைந்த நட்டம்தான்.

எடையைப் பற்றி ஒரே ஒரு விஷயம். குறைக்கிற எண்ணம் இருந்தால் முதலில் குறைக்கட்டும். குறைத்த எடை மூன்று, நான்கு மாதம் அப்படியே நிற்கட்டும், பிறகு ஆபரேஷன். 72 கிலோவுக்குக் கணக்குப் போட்டு 450 விட்டுவைத்தபிறகு பத்து கிலோ குறைந்தால் அந்த 450உம் சுருங்கும், மார்பு துணிபோலத் தொங்கும். சர்க்கரை இருந்தால் மூன்று மாதச் சராசரி எட்டை நெருங்காமல் இருக்க வேண்டும். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 10க்குக் கீழே இருந்தால் அதைச் சரிசெய்துவிட்டுத் தேதி வாங்குங்கள்.

இன்சூரன்ஸ் இருந்தால்: இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொது விலக்குகளில் எட்டாவது, அழகு மற்றும் பிளாஸ்டிக் சர்ஜரிக்குப் பணம் தர வேண்டியதில்லை என்கிறது. உடல்நலத்துக்கு நேரடியான ஆபத்தை நீக்க மருத்துவ ரீதியாக அவசியம் என்று டாக்டர் சான்று கொடுத்தால் விதிவிலக்கு. அந்த வாசகத்தில் கிராமே கிடையாது. ஆகவே "650 கிராம்" என்று எழுதி வாங்குவதைவிட, படைக்குத் தோல் டாக்டரிடம் போன சீட்டுகள், எலும்பு டாக்டர் சீட்டு, பிசியோதெரபி செய்த விவரம், தோள்பள்ளத்தின் படம் ஆகியவற்றை முன்கூட்டியே சேர்த்து முன்அனுமதி கேட்பதுதான் பலன் தரும். ஆபரேஷன் முடிந்தபிறகு போய் நின்றால் நடக்காது.

முடிந்த முதல் 24 மணி நேரத்தில் கவனிக்க வேண்டியது ரத்தக்கட்டு. ஒரு பக்கம் மட்டும் இறுகி, மற்றதைவிடப் பெருத்து, வலி கூடிக்கொண்டே போனால் அது வீக்கம் அல்ல, அன்றிரவே திரும்பத் தியேட்டர். அதனால் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பினாலும் இரண்டு நாள் பாளையங்கோட்டையிலேயே யார் வீட்டிலாவது தங்கட்டும். நங்கூரத்தின் மூன்று கோடும் அடியில் சந்திக்கிற முனை இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் விரல்நகம் அளவுக்குப் பிரிவது ரொம்பச் சாதாரணம். கட்டுப் போட்டால் சில வாரத்தில் தானே ஆறும். ஆறாவது வாரம்வரை குடம் தூக்கக்கூடாது, ஆற்றுக் குளியலும் குற்றாலமும் கிடையாது. கத்திரி வெயிலில் தேதி வாங்காமல் ஐப்பசிக்குப் பின் வாங்கினால் வியர்வைப் பிரச்சினை பாதி குறையும். புது ரவிக்கைகளை ஆறு மாதம் கழித்தே தைக்கக் கொடுங்கள், அதுவரை வீக்கம் வடிந்துகொண்டே இருக்கும். குடும்பத்தில் யாருக்காவது காது குத்திய இடத்தில் தழும்பு தடித்து வளர்ந்திருந்தால் முன்னாலேயே சொல்லுங்கள். சிலிக்கான் பட்டையை முதல் மாதத்திலேயே தொடங்கிவிடலாம்.

உங்கள் அம்மாவுக்கும் ஒரு பதில் பாக்கி இருக்கிறது. "கொஞ்சமா" என்று 250, 300 எடுத்து நிறுத்தினால் தழும்பு அதே நீளம்தான், செலவும் அதேதான். பாரம் பாதி அப்படியே தொங்கும், படை திரும்பும். பிறகு இன்னொரு தடவை போனால் பழைய தண்டு எந்தப் பக்கம் என்று தெரியாமல் கத்தி வைப்பது காம்பைப் பணயம் வைப்பதுபோல. ஆகவே டிஸ்சார்ஜ் சீட்டில் தண்டு எந்தப் பக்கம் விடப்பட்டது, வலதிலும் இடதிலும் தனித்தனியாக எத்தனை கிராம் எடுக்கப்பட்டது, கொழுப்பு உறிஞ்சியிருந்தால் அது எவ்வளவு என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள், லேப் முடிவு வந்ததும் அதையும் அதே உறையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.